அம்மாசிக்கு ஒரு கொய்யாக் கொம்பு

ஆடி அமாவாசையன்று காலை பத்தரை மணிக்கு, மரக்கடைத் தெருவின் மர அறுவை மில்லில், ஒரு வேங்கைத் தடி பாதி அறுபட்டிருந்தபோது வாள் தானாக நின்றது. கரண்டு இருந்தது, மோட்டார் ஓடியது, வாள் மட்டும் நின்றது. தடியின் பொந்துக்குள்ளிருந்து மரத்தூள் நிறத்தில் ஒரு பாம்பு தலையை நீட்டி, அருகில் நின்ற ஐந்து ஆண்களையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தது. யாரிடமும் போகாமல் தரையில் இறங்கி, மில்லின் மறுகோடியில் தடிகளை அளந்துகொண்டிருந்த ஆவுடையிடம் போய், அவள் கையிலிருந்து தொங்கிய டேப்பைப் பிடித்து மேலே ஏறி, மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போனது. அதன் பிறகுதான் வாள் மறுபடி ஓடியது.

ஆவுடைக்கு அப்போது முப்பத்தேழு வயது. அப்பா பார்த்த அளவுக்காரர் வேலையை அவர் போன பிறகு தான் பார்த்துக்கொண்டு, அதே தெருவின் நடுவில் அவர் விட்டுப்போன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். தடியின் இடுப்பில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவையும், பிறகு நீளத்தையும் உரக்கச் சொல்வது அவள் வேலை. அதைச் சுண்ணக்கட்டியால் தடியின் தலையில் எழுதுவது குற்றாலிங்கத்தின் வேலை.

"சுத்து அறுபத்திரெண்டு, நீளம் பதினெட்டு" என்பாள் அவள்.

"எவ்வளவு?" என்பான் அவன்.

அவள் மறுபடியும் சொல்வாள், அவன் எழுதுவான், இருவரும் அடுத்த தடிக்குப் போவார்கள். ஆறு வருஷமாக இப்படித்தான் நடந்தது. வாள் சத்தத்திலேயே கிடந்து அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று மில்லில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் எண்களையும் அந்த ஒரு கேள்வியையும் தவிர அவன் அவளிடம் பேசியது எதுவுமில்லை. ஆவுடை அவனிடம் எதிர்பார்த்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. எண் இல்லாத ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பாம்பு மணிக்கட்டில் சுற்றிய அன்றும் அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் டேப்பைப் பாம்பின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்து, "சுத்து மூணு அங்குலம், நீளம் நாப்பத்தெட்டு" என்றாள். "எவ்வளவு?" என்றான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மில் சுவரில் எழுதிவைத்தான்.

அமாவாசைக்கு வந்ததால் தெரு அதற்கு அம்மாசி என்று பெயர் வைத்தது. வனத்துறையிலிருந்து ஒருவர் கையில் தடிமனான புத்தகத்தோடு வந்து, பாம்பை ஒரு பக்கமும் புத்தகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை தேடிவிட்டு, "இந்தப் பாம்பு இதுல இல்ல. இல்லாத பாம்பைப் பிடிச்சிட்டுப் போக எனக்கு உத்தரவு கிடையாதும்மா. மாசம் ஒரு தடவை வந்து பாக்கேன், அதுக்குள்ள புத்தகத்துல சேத்துட்டாங்கன்னா சொல்லுதேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். டீக்கடை பீர் பாய், பப்ஸ் சூடாக இருப்பதற்காக வாங்கிப் போட்ட, அடியில் மஞ்சள் பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பப்ஸைப் பாக்க ஒருத்தனும் நிக்கல. இதைப் பாக்கவாவது நாலு பேர் நிப்பான்" என்று சொல்லி ஆவுடை வீட்டு முன்னறை ஜன்னலோரம் வைத்தார். நாலு பேரில்லை, நாற்பது பேர் நின்றார்கள். மில் எலி ஒன்றைத் தின்றுவிட்டு அம்மாசி பெட்டியின் மூலையில் சுருண்டது. ஏறிப் படுக்க அதற்கு ஒரு கொம்பு வேண்டும் என்று ஆவுடை சொன்னாள். மில் முதலாளி பெருமையோடு ஒரு தேக்குத் துண்டைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை தெரு நிமிர்ந்து நடந்தது. பீர் பாய், இருபது வருஷமாக "என்னவே, சீனி தூக்கலாவா?" என்று கேட்டவர், "தங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு சேர்க்கட்டும்?" என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரையொருவர் மரியாதையோடு அழைத்து, மரியாதையோடு சாப்பிட்டு, மரியாதையோடு பாயின் இரண்டு ஓரங்களில் படுத்தார்கள். குழந்தைகள் தாழ்ந்த குரலில் அழுதன. நாய்கள் தெருவின் ஓரமாக வரிசையில் போயின. ஆவுடையின் பக்கத்து வீட்டு இசக்கி, வாயைத் திறந்தால் நாலு வீட்டுச் சங்கதி கொட்டுகிறவள், இரண்டு நாள் வாயை மூடியிருந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். தேக்கை எடுத்துவிட்டுப் புளியங்கொம்பு வைத்ததும் காய்ச்சல் விட்டது. ஆனால் தெரு முழுக்கச் சண்டை, அதுவும் நாக்கில் எச்சில் ஊற ஊற, சப்புக்கொட்டிக்கொண்டே போடுகிற சண்டை. தச்சர் மாசானம்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "பாம்பு எந்த மரத்துல படுக்கோ அந்த மரத்துக் குணம் தெருவுக்கு வந்துருது" என்றார். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. மரத்துக்குக் குணம் உண்டு என்பது தினமும் மரத்தை அறுக்கிறவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. அது இத்தனை நாள் ஜன்னலுக்கும் கதவுக்கும் மட்டும் போய்க்கொண்டிருந்தது, இப்போது ஆட்களுக்கும் வருகிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் பீர் பாய் டீக்கடைப் பலகையில் வடை, பஜ்ஜிக்கு மேலே "இன்று பலா" என்றும் "இன்று மூங்கில்" என்றும் எழுதிப்போட, ஜனங்கள் அதைப் பார்த்து அன்றைய காரியத்தை வகுத்துக்கொண்டார்கள். மூங்கிலன்று எல்லோரும் ராகம் போட்டுப் பேசினார்கள். பலாவன்று வந்தவர் எவரும் எழுந்து போகவில்லை, தபால்காரர் ஒரு கார்டைக் கொடுக்க வந்து மூன்று வேளையும் சாப்பிட்டார், டவுன் பஸ் நாற்பது நிமிஷம் நின்றது, இறங்க மனமில்லாதவர்களைக் கண்டக்டர் கொஞ்சிக்கொண்டிருந்தார், குற்றாலிங்கம் ஒவ்வொரு தடிக்கும் நாலு தடவை "எவ்வளவு?" என்று கேட்டான். தைல மரத்தன்று தெருவில் அத்தனை மூக்கும் திறந்து, நாலு தெரு தள்ளி எந்த வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்தது. ஆனால் அம்மாசி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறவே ஆவுடை அரை மணி நேரத்தில் கொம்பைப் பிடுங்கி வீசினாள். முருங்கையன்று தெருவில் கொடுத்த வாக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. உச்சிப்பொழுதில் கொம்பும் படக்கென்று முறிந்து, அம்மாசி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் விழுந்து விலாவில் கன்றிப்போனது.

வேம்பு வைத்தது புரட்டாசியில். அந்த மூன்று நாள் குற்றாலிங்கம் ஊரில் இல்லை. புனலூரில் முதலாளி புதிதாகத் தொடங்கும் மில்லைப் பார்த்துவரப் போயிருந்தான். இங்கே தெருவில் ஒருவராலும் பொய் சொல்ல முடியவில்லை. சலூன்காரர் ஹெட்மாஸ்டரிடம், "சார், உங்களுக்கு முடி வெட்டி நாலு வருஷமாச்சு. வெறும் கத்தரியைத்தான் ஆட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். "தெரியும்வே. தலையைத் தடவிவிடுதீரு, அது போதும்னு வாரேன்" என்றார் ஹெட்மாஸ்டர். எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடியவில்லை. இரண்டு வீட்டில் உலை பிரிந்தது, கோயில் கமிட்டி கலைந்தது, மைத்துனன் வரும்போதெல்லாம் தூங்குகிறமாதிரி நடித்த ஒருவர் வாசலில் படுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் டீக்கடையில் பீர் பாய் ஆவுடையிடம் ஒரு பேச்சுக்கு, "சீனி போதுமாம்மா?" என்று கேட்டார்.

"சீனி போதும் பாய். எனக்கு அந்தக் குற்றாலிங்கம் நம்பர் இல்லாத ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசினாப் போதும். ஆறு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் ஆவுடை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் நேரே வீட்டுக்குப் போய் வேப்பங்கொம்பை எடுத்து வெளியே போட்டாள். இனிமேல் பெட்டிக்குள் வேம்பு கூடாது என்று அன்று சாயங்காலமே எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அவள் சொன்னதை அவனிடம் யாரும் சொல்லக்கூடாது என்றும் இசக்கி எல்லோரிடமும் வாக்கு வாங்கினாள். அப்போது பெட்டிக்குள் முருங்கை இல்லாததால் அந்த வாக்கு நின்றது. தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

ஐப்பசிக் கடைசி மழையில் அம்மாசியின் கண்ணில் பால் படர்ந்தது. உடம்பு மங்கி, நிறம் செத்து, எலியைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தது. புத்தகக்காரர், அப்படித்தான் வனத்துறைக்காரரைத் தெருவில் சொன்னார்கள், மாதாந்திரப் பார்வைக்கு வந்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சட்டை கழட்டணும். எத்தனை நாளா இப்படிக் கிடக்கு?"

"பதினஞ்சு நாளு."

"வழக்கமா ஒரு வாரத்துல கழட்டிரும். இது மாட்டிக்கிட்டிருக்கு. நல்ல கொம்பா வைங்கம்மா. பால் வடியாத மரம், வாசம் அடிக்காத மரம், பூச்சிமருந்து படாத மரம். உடம்புத் தடிமனுக்குக் குறையாம இருக்கணும், ஏறினா உருளக்கூடாது, மூக்கை வச்சு உரசுறதுக்கு எங்கயாவது ஒரு முட்டு இருக்கணும். இல்லேன்னா சட்டைக்குள்ளயே முடிஞ்சிரும்."

அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. தை பிறந்ததும் குற்றாலிங்கம் புனலூர் மில்லுக்குப் போகிறான். மார்கழியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஆக மிச்சமிருப்பது கார்த்திகை மட்டும். இசக்கி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த குற்றாலிங்கத்தின் அக்கா சண்முகவடிவைப் போய்ப் பார்த்து, என்ன சொன்னாளோ, கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வருவதாகச் சம்மதம் வாங்கிவந்துவிட்டாள். அப்பா அம்மா இல்லாத ஆவுடைக்குத் தெருவே பெண் வீட்டார். பெண் வீட்டாருக்கு இருந்தது ஒரே கவலைதான்: அன்றைக்குப் பெட்டிக்குள் எந்த மரம்?

டீக்கடையில் கூட்டம் போட்டார்கள். பலா வைத்தால் மாப்பிள்ளை எழுந்தே போகமாட்டான் என்றார் சலூன்காரர். எழுந்து போகமாட்டான் சரி, வாயைத் திறப்பானா என்று கேட்டார் மாசானம். மூங்கிலை வைத்தால் பாட்டாகவாவது வரும் என்றார் ஹெட்மாஸ்டர். ஆவுடை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தாள்.

"இனிமே கொம்பு அம்மாசிக்குத்தான். தெருவுக்கு இல்ல."

"ஏட்டி, உனக்காகத்தான பேசுதோம்" என்றாள் இசக்கி.

"எனக்குன்னு ஒண்ண வச்சு, அது செத்துப்போச்சுன்னா, அவரு பேசுததை நான் எந்தக் காதால கேக்க?"

அதோடு கூட்டம் கலைந்தது.

மூன்று நாள் அவள் மில்லில் ஒரு தடி விடாமல் முகர்ந்தும் கீறியும் பார்த்தாள். வேங்கை ரத்தம் வடித்தது, அயினி பால் வடித்தது, இலவம் பொடியாக உதிர்ந்தது, பிளைவுட்டுக்குப் போகிற மரமெல்லாம் மருந்தில் ஊறியிருந்தன. நாலாம் நாள் காலை கொல்லையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவள், அப்பா வைத்த கொய்யா மரத்தைப் பார்த்தபடியே அப்படியே நின்றுவிட்டாள். கொய்யா தன் பட்டையைத் தானே கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றது. பழைய பழுப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்து தொங்க, அடியில் பச்சையாகப் புதுத் தோல் மினுங்கியது. இந்த வீட்டில் பிறந்து இத்தனை வருஷமாக இதன் பழத்தைத் தின்றிருக்கிறாள், இதில் துணி காயப்போட்டிருக்கிறாள், மரம் என்று நினைத்ததில்லை. அவள் மட்டுமா? மரக்கடைத் தெருவில் கன அடிக்கு விலை இல்லாத எதையும் யாரும் மரம் என்று சொன்னதில்லை.

"கொய்யாவா?" என்று சிரித்தார் மாசானம். "அதுல பம்பரம்தாம்மா செய்யலாம்."

"அதான் உறுதி. மருந்து அடிச்சதில்ல, பால் கிடையாது. நீங்க வந்து மாட்டிக் குடுங்க போதும்."

இரண்டு கவை உள்ள கொம்பாக, அம்மாசியின் உடம்பைவிட ஒரு நூல் தடிமனாகப் பார்த்து வெட்டினாள். கொதிநீர் ஊற்றி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மழை விட்ட வெயிலில் மூன்று நாள் காயவைத்தாள். கையால் முழுக்கத் தடவிப் பார்த்துச் சிலாம்பு எழுந்த இடத்தையெல்லாம் தேய்த்தாள். ஆணி கூடாது, கீறிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். மாசானம் பெட்டியின் சட்டத்தில் பள்ளமாகக் காடி எடுத்து, கொம்பின் முனையைச் செருகி, ஓர் ஆப்பு அடித்து இறுக்கி, அதைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். அசையவில்லை. கொம்பு கொய்யாதானா என்று தெருவில் பதினேழு பேர் வந்து பார்த்தார்கள். ஆப்பை யாரும் பார்க்கவில்லை.

கொய்யா ஏறியதும் தெரு இன்டர்வெல் விட்ட பள்ளிக்கூடம்போல ஆகிவிட்டது. பெரியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நடந்தார்கள். எது கிடைத்தாலும் பாதியாகக் கடித்து, மிளகாய்ப்பொடி தடவி, அடுத்தவருக்கு நீட்டினார்கள். உலை பிரிந்த இரண்டு வீடும் ஒன்றாகச் சேர்ந்தன. வாசலில் படுத்திருந்தவர் மைத்துனனோடு கோலி விளையாடினார். "இது போதும்டி" என்றாள் இசக்கி. "சிரிச்சு விளையாண்டு பேசிட்டுப் போவாங்க." ஆனால் அம்மாசி கொம்பின் நடுக்கவையில் சுருண்டு, பால் படர்ந்த கண்ணோடு, இரண்டு நாளாக அசையாமல் கிடந்தது.

கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்முகவடிவு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையும் பழக்கத்தில் பையில் போட்டுக்கொண்டுவந்த சுண்ணக்கட்டியுமாகக் குற்றாலிங்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே தெரு நின்றது. இசக்கி கேசரி கொடுத்தாள், பஜ்ஜி கொடுத்தாள், கொல்லைக் கொய்யாவை நறுக்கிக் கொடுத்தாள். எல்லோருக்கும் எல்லாம் பிடித்திருந்தது. சண்முகவடிவுக்கு வீடு பிடித்தது, ஓடு பிடித்தது, சுவர்க் காலண்டர் பிடித்தது. குற்றாலிங்கம் கொய்யாத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஏற்றி நிறுத்தப்பட்ட நல்ல பையனைப்போலச் சிரித்துக்கொண்டே இருந்தான். இருபது நிமிஷம் இப்படியே இனிப்பாகப் போயிற்று. கல்யாணப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

பிறகு சண்முகவடிவு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு, "அப்ப வாரோம். போயிச் சொல்லி அனுப்புதோம்" என்றாள்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத பெண் வீடு எந்த ஊரிலும் கிடையாது. ஆவுடை தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அம்மாசி அசைந்தது. நடுக்கவையிலிருந்து மெல்ல அவிழ்ந்து, கொம்பு வழியே இறங்கி, சட்டத்தில் அது செருகியிருந்த இடத்துக்குப் போய், புடைத்துக்கொண்டிருந்த ஆப்பின் முனையில் மூக்கை வைத்து அழுத்தி, ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமுமாக உரசியது.

எழுந்திருக்கப்போன சண்முகவடிவு மறுபடி உட்கார்ந்தாள்.

"கேசரி வாங்குனதா?" என்று கேட்டாள்.

"பீர் பாய் கடைது" என்றாள் இசக்கி. "இவளுக்குக் கேசரி வராது. உப்புமாவாயிரும்." சொன்னதும் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ஒட்டுக் கேக்கத்தான் இங்க நிக்கேன்" என்றார் ஜன்னலில் பீர் பாய்.

"சொல்லி அனுப்புதோம்னேன்லா, அனுப்ப மாட்டேன்" என்றாள் சண்முகவடிவு. "பொண்ணு அவனைவிட ஒரு வயசு கூட. அதுகூட இல்ல, எனக்கு இருக்கது இவன் ஒருத்தன். ஒருத்தி வந்துட்டா வாராவாரம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவானா?"

இசக்கி மெதுவாகத் திரும்பி, கதவோரம் நின்ற மாசானத்தைப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க அவர் பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"ஆப்பு வேம்பு" என்றார். "காலடியில கிடந்ததை எடுத்துச் சீவினேன். முப்பது வருஷமா அப்படித்தான். ஆப்புக்கு எவன் மரம் பாப்பான்?"

இசக்கி பாய்ந்து பெட்டியின் கதவைத் திறந்தாள். "பிடுங்குவே அதை, பிடுங்கும்."

"தொடாதீங்க" என்றாள் ஆவுடை.

அவள் குரலை அவ்வளவு உரக்க மில்லில்கூட யாரும் கேட்டதில்லை. அவள் பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். அம்மாசியின் மூக்கு நுனியில், ஆப்பு உரசிய இடத்தில், வெங்காயத்தோல்போல ஒரு மெல்லிய விளிம்பு பிரிந்திருந்தது.

"சட்டை பிரியுது. இப்பப் பிடுங்கினா நின்னுரும்."

"ஏட்டி, இங்க உன் வாழ்க்கை நின்னுக்கிட்டிருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் வேம்பு இருந்தா வந்தவங்க என்னென்ன சொல்லுவாங்களோ."

"சொல்லட்டும். இருக்கதைத்தான சொல்லுவாங்க."

வேம்பைத் தெரிந்த தெருவாதலால் ஜன்னலில் நின்ற அத்தனை பேரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாசி உரசுகிற சத்தம் மட்டும், காய்ந்த இலையைக் கசக்குவதுபோல, விட்டு விட்டுக் கேட்டது. அப்போது நாற்காலி நுனியில் இருந்தவன் வாயிலிருந்த கொய்யாத் துண்டை விழுங்கினான்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றான் குற்றாலிங்கம்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"எறும்பு ஊருதது கேக்கும்னு எங்கம்மா சொல்லுவா" என்றாள் சண்முகவடிவு, தன்னை அறியாமல்.

"அவங்க மொத தடவை சொல்லும்போதே கேட்டுரும். ஆறு வருஷத்துல ஒரு தடிகூடக் கேக்காம இருந்ததில்ல." அவன் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வார்த்தையும் பொந்திலிருந்து தலை நீட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதுபோல வந்தது. "மொத தடவை தடியைப் பாத்துச் சொல்லுவாங்க. எவ்வளவுன்னு கேட்டா, ரெண்டாவது தடவை என்னைப் பாத்துச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் கேக்கேன். வேற என்ன பேசன்னு எனக்குத் தெரியல. புனலூருக்கும் எனக்குப் போக இஷ்டமில்ல. முதலாளி கேட்டாரு, இல்லன்னு சொல்லத் தெரியாம சரின்னுட்டேன். அங்க வேற யாராவது அளப்பாங்க. நான் யார்கிட்ட எவ்வளவுன்னு கேப்பேன்?"

ஜன்னலில் பீர் பாய் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆவுடைக்கு ஆறு வருஷமாகக் காத்திருந்ததைவிட ஐம்பது வார்த்தை கூடுதலாகக் கிடைத்துவிட்டது. அதில் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஆனால் வேம்பு அவளையும் விடவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "மொத தடவை வேணும்னேதான் மெதுவாச் சொல்லுவேன்."

முதலில் சிரித்தது சண்முகவடிவுதான். அடக்கப் பார்த்து, தோள் குலுங்கி, முந்தானையை வாயில் வைத்து, அதையும் மீறிச் சிரித்தாள். "ரெண்டும் நல்லாக் கேக்குத செவிடுங்க" என்றாள். "தினமும் அத்தனை தடி. சரிடே, சாப்பிட வராம இருந்துராத. இவளுக்குக் கேசரி வேற வராதாம்." சிரிப்பு ஜன்னல் வழியே வெளியே போய், பாதி கொய்யாவும் பாதி வேம்புமாகத் தெரு முழுக்கப் பரவியது. அதில் மரியாதைக்காகச் சிரித்தவர் யாருமில்லை.

தை மாதக் கல்யாணத்தைப் பற்றியும், புனலூருக்குத் தன் மருமகனை அனுப்பிவிட்டு முதலாளி பட்ட பாட்டைப் பற்றியும், முழுக் கொம்பாக வந்தால் வீட்டைப் பிரிக்கிற வேம்பு ஓர் ஆப்பளவில் வந்தால் வீட்டைச் சேர்க்கிறது என்று சொல்லி, டீக்கடைப் பலகையில் "கொய்யா, ஆப்பு மட்டும் வேம்பு" என்று பீர் பாய் நிரந்தரமாகப் பெயின்ட்டில் எழுதிவைத்ததைப் பற்றியும் பின்னால் எவ்வளவோ பேசினார்கள். புத்தகக்காரர் அடுத்த மாதம் வந்து, இன்னும் சேர்க்கவில்லை என்று சொல்லி, கொம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் வீட்டுக்காரியைப் பற்றி நல்லபடியாகச் சில உண்மைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மாசி மூக்கிலிருந்து தொடங்கிய சட்டையை ஆப்பில் மாட்டிவிட்டு, கொய்யாவின் கணு கணுவாக உடம்பை இழுத்து, கவைக்குள் நுழைந்து வெளியேறி, வால் நுனிவரை முழுசாகக் கழற்றியது. கண்ணில் பால் இல்லை. இரண்டு கண்ணும் கழுவி வைத்த மிளகுபோல இருந்தன. அப்போதுதான் இழைத்த பலகையின் நிறத்தில் மினுங்கிக்கொண்டு அது மேல் கவைக்கு ஏறிப் படுத்தது. சட்டை கொம்பில் தொங்கியது, ஓர் இடத்திலும் கிழியாமல், கண்ணின் மேல் இருக்கும் வட்டத் தோல்கூடப் பிசகாமல்.

ஆவுடை அதை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் நீட்டினாள். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தாள். குற்றாலிங்கம் யாரும் சொல்லாமலே எழுந்து வந்து பையிலிருந்த சுண்ணக்கட்டியோடு சுவரோரம் நின்றான்.

"சுத்து மூணரை, நீளம் அம்பத்தாறு" என்றாள் ஆவுடை, டேப்பைப் பார்த்து, வழக்கத்தைவிட மெதுவாக.

"எவ்வளவு?" என்றான் அவன்.

அவள் டேப்பிலிருந்து கண்ணை எடுத்து, அவனைப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னாள்.